மலைக்கு முதுகு

“கடைய மூடுண்ணா.”

கவிநிலா அதைச் சொன்னபோது அவள் கை அப்பாவின் தாடைக்கடியில் இருந்தது. வேட்டியில் கிழித்த துணியைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வளவன் ஒரு காலைக் கடையிலும் ஒரு காலை அறையிலும் வைத்து நிலைப்படியில் நின்றான்.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பௌர்ணமியன்று கடையை மூடச் சொல்லி மட்டும் கேட்கக் கூடாது. சட்டம் போட்டவர் இதோ கட்டிலில் கிடக்கும் அப்பாசாமிதான். கவிநிலா பிறந்தது ஒரு பௌர்ணமியில். குழந்தையைப் பார்க்க மறுநாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், பெயரில் ஒரு நிலாவைச் சேர்த்துக் கணக்கை நேர் பண்ணிவிட்டார். அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாக அவள் பட்டம் வாங்கிய நாளும் பௌர்ணமியாகப் போயிற்று. சென்னையில் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, வேறு யாரோ ஒருத்தியின் அப்பாவிடம் கேமராவைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டாள். படத்தில் அவள் சிரிக்கவில்லை.

“வெளிய பாரு கவி. ஜனம் இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்கு. விடியட்டும், சொல்லிக்கலாம். அவுரே இருந்தா இதான் சொல்லியிருப்பாரு.”

“அவுரு இல்ல. அதத்தான் சொல்றேன்.”

“மெதுவா பேசு. அத்தைக்குத் தெரிஞ்சா போச்சு. அது அழுதா செங்கம் வரைக்கும் கேக்கும்.”

அண்ணி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலைமாட்டு விளக்கை ஏற்றியது அவள்தான். கடையை மறைத்த திரைக்கு அந்தப் பக்கம் யாரோ விலை கேட்டார்கள். வளவன் அறையில் இருந்த காலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வீட்டுக்குக் கடைதான் வாசல். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையைப் பார்த்த கடை, மலை பின்பக்கம். அப்பாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் விபூதிப் பொட்டலமும் சாமி படமும் அடுக்கிய மேஜைகளை நகர்த்த வேண்டும், லேசர் மெஷினை ஓரங்கட்ட வேண்டும். போன வருஷம் வளவன் சென்னையில் பழசாக வாங்கி வந்தது. கண்ணாடி மூடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி ஓடும். ஓடிய இடமெல்லாம் மரம் கருகிக் கோடாகும். சாவிக்கொத்துக்கான சின்னப் பலகையில் மலை, அதன் கீழே வாங்குகிறவர் பெயர். நின்ற இடத்திலேயே வாங்கிப் போகலாம்.

மற்ற நாட்களில் அதே மெஷினில் கவிநிலாவின் மாணவர்கள் வேலை செய்தார்கள். வேங்கிக்கால் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அவள் ஓவிய ஆசிரியை. வீட்டில் நின்று பார்த்தால் தெரிகிற மலையை வரைந்து வாருங்கள், மெஷின் அதைப் பலகையில் எரித்துத் தரும் என்று பத்தாம் வகுப்புக்குச் சொல்லியிருந்தாள். எல்லோரும் காலண்டர் மலையை வரைந்து வந்தார்கள், முன்னால் கோபுரத்தோடு. அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திட்டினாள். அதற்குப் பிறகுதான் நிஜ மலைகள் வந்தன. ஒன்றில் துணிக்கொடி குறுக்கே போயிற்று. ரமணாசிரமத்துப் பக்கம் குடியிருந்த பெண்ணின் மலை பாதிக்குமேல் ஒரு லாட்ஜின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. வளவன் எடுத்துப் பார்த்து, இது மலையா மாவு மூட்டையா என்று சிரித்தான்.

பக்கவாதம் வந்து கட்டிலில் விழுந்திருந்த அப்பா சிரிக்கவில்லை. ஒருநாள் பென்சில் கேட்டார். வலது கை வராது. இடது கையால், பின்பக்க ஜன்னலைப் பார்த்துப் பார்த்து, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டார். கோடு முழுக்க நடுங்கியது.

“இவ்ளோதானாப்பா?” என்றாள் கவிநிலா.

“ஜன்னல்ல இவ்ளோதான் தெரியுது.” பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவராகவே சொன்னார். “கடையில நின்னா மலைக்கு முதுகு. திரும்பினா கிராக்கி போயிடும்னு திரும்பவே இல்ல.”

கம்ப்யூட்டரில் கோட்டை நேராக்கித் தருகிறேன் என்றான் வளவன். வேண்டாம் என்றாள். நடுக்கம் ஒன்றைக்கூட விடாமல் மெஷின் அதைப் பலகையில் இறக்கியது. அந்தப் பலகை இப்போதும் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

மத்தியானம் சாயங்காலமாயிற்று. வெளியே ஊர்கொள்ளாத ஜனம் போய்க்கொண்டிருந்தது. அரோகரா என்ற குரல் ஓயும்போதெல்லாம் மெஷினின் ரீங்காரம் கேட்டது. திரை வழியாகக் கருகும் மரத்தின் வாசனை வந்துகொண்டே இருந்தது. ஈ உட்காராமல் கவிநிலா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் அழத் தெரியாததால் அவள் அழவில்லை.

அப்போதுதான் கடையில் அந்தக் குரல் கேட்டது. வயதான பெண்மணி, நடந்த களைப்பு மூச்சில் இருந்தது.

“படுத்துக்கெடந்த பெரியவரு எப்பிடிப்பா இருக்காரு? மாசாமாசம் இங்கதான் உக்காந்து தண்ணி குடிப்பேன்.”

“தூங்குறாரும்மா,” என்றான் வளவன்.

“எழுப்பாத, எழுப்பாத. பாவம். அடுத்த மாசம் வந்து பாக்குறேன்னு சொல்லு.”

“சொல்றேன்.”

மறுபடியும் ரீங்காரம்.

கவிநிலா விசிறுவதை நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்தாள். அப்பா பார்த்த அந்த விரல் நீள மலை கறுத்துக்கொண்டு வந்தது. தலையணைப் பக்கம் இருந்த பலகையை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள், இடது கையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். பிறகு எழுந்து நின்று பின்னலை அவிழ்த்தாள். ஒவ்வொரு புரியாகப் பிரித்து முடியை முழுக்க விரித்துவிட்டாள்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். தடுக்க எழுந்த கை பாதியில் நின்று, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பியது. வாயிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கவிநிலா திரையை ஒதுக்கினாள். கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி யாருடைய பெயரின் முதலெழுத்தையோ எழுதிக்கொண்டிருந்தது. மீதிச் சில்லறையோடு திரும்பிய வளவன் அவள் தலையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

“உள்ள போ கவி,” என்றான். உதடு மட்டும்தான் அசைந்தது.

அவள் படியிறங்கினாள். ஜனம் முழுக்க மலையை வலப்பக்கம் வைத்து நடந்துகொண்டிருந்தது. அத்தை வீடு எதிர்த் திசையில். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். எதிரே வந்தவர்கள் விரித்த தலையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தி, ஒருவர்பின் ஒருவராக ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கிறதா என்று அவள் நின்று பார்க்கவில்லை. மலை அவளுக்கு இடப்பக்கம் வந்தது.