மயிரிழை ஆழம்

ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. கடைக்காரன் நிறுத்துக் கொடுத்ததை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அப்பேர்ப்பட்டவர்தான் ஏமாந்தார்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த நாள்முதல் அவர் சிப்பி வளர்க்கும் மிதவையில் தொங்கும் கயிறுகளில் சிப்பிகள் வாய்பிளந்து செத்தன. கயிற்றை இழுத்து அடியில் கட்டிய பாரக்கல்லைத் தொட்டால் வெதுவெதுவென்றிருக்கும். கடலுக்குள் விடும் ஆலையின் கழிவுநீர்க் குழாயை நிறுத்தச் சொல்லி மூன்று தடவை மனு கொடுத்தார். கடைசியில் அலுவலகத்திலிருந்து கடலை அளக்க ஓர் அளவுக்காரர் வந்தார்.

"ஐயா, விமானத்துலருந்து கடலோட சூட்டைப் படம் பிடிப்போம். அது சரியான்னு பார்க்க அதே நேரத்துல கீழே ஒருத்தர் தண்ணியை அளக்கணும். நீங்களே அளங்க."

"அப்பா, உங்களைக்கூட ஒருத்தர் நம்புறாரே!" என்று மகள் சிரித்தாள்.

"அவன் என்னை நம்பட்டும். நான் அவனை நம்பல."

வெப்பமானியை இரண்டு நாள் சோதித்தார். விமானியின் கடிகாரம் சரியா என்றுகூடக் கேட்டார். விமானம் தலைக்குமேல் போன காலையில் பத்து இடத்தில் வாளியில் தண்ணீர் மொண்டு அளந்தார். மகள் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். படத்தில் கடல் முழுக்கச் சூடில்லை என்று காட்டும் நீலம்.

"உங்க அளவும் எங்க படமும் அப்படியே ஒத்துப்போகுது. தண்ணி சூடாகல. மனுவை முடிச்சாச்சு," என்றார் அளவுக்காரர்.

"அந்தக் கேமரா எவ்வளவு ஆழம் பார்க்கும்?"

"மேல்தோல்தான். மயிரிழை ஆழம்."

"ஆலை விடுற தண்ணி உப்பு ஏறிக் கனத்தது சார். அடியிலதான போகும்!"

"அடியைப் பார்க்க இந்த ஆய்வு இல்லையே."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே, ஐயா."

எல்லாவற்றையும் கேட்டவர் அதை மட்டும் கேட்கவில்லை.

"என் கையெழுத்தை அடிச்சிடுங்க."

"ஏன்? பொய்யா எழுதினீங்க?"

பத்து எண்ணும் உண்மை.

மிதவைக்குத் திரும்பி ஒரு கயிற்றை இழுத்து, பாரக்கல்லை மகளிடம் நீட்டினார்.

"சுடுதா?"

"சுடுதுப்பா. எழுதிக்கவா?"

"எழுதி யாருகிட்டக் குடுப்ப?"

கயிற்றின் மேல்பாதிச் சிப்பிகளில் இன்னும் உயிர் இருந்தது. வேறு எங்கே கொண்டுபோய்த் தொங்கவிடுவது? கயிற்றை அதே தண்ணீரில் இறக்கினார்.