முகப்புப் பக்கத்தில் இராமையா மாமா

திங்கட்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு இராமையா செத்துப்போனார்.

பதுளையில், ஸவாஹிரா டெக்ஸ்டைல்ஸின் கல்லாவுக்கு முன்னால், அஜந்தனின் வாயில். அந்த நேரம் பூனாகலைத் தோட்டத்தில் தன் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்த இராமையாவுக்கு விஷயம் தெரியாது.

அஜந்தனுக்கு மறுநாள் லீவு வேண்டும். தீபாவளிக்கோ பத்தே நாள். முதலாளி மஹ்ரூப் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கித் தருவார். கல்யாணம் என்றால் “பின்னேரம் போங்களேன்” என்பார். மரணத்துக்கு மட்டும் மறுபேச்சுக் கிடையாது.

“ஆரு மவுத்து?”

“மாமாங்க. அம்மாவோட அண்ணன்.”

“பேரு?”

பேர் கேட்பார் என்று அஜந்தன் நினைக்கவில்லை. அவனுக்கு இருந்தது ஒரே மாமா.

“பூனாகலை இராமையாங்க முதலாளி.”

“சரியான கவல. போய்ட்டு வாங்க. நாளைக்கு வேலயப் பத்தி யோசிக்க வாணாம்.”

மறுநாள் அவன் வேலையைப் பற்றி மட்டும்தான் யோசிக்கவிருந்தான். ஷப்ராஸ் என்பவர் பண்டாரவளையில் மூன்று மாடியில் புதிய புடவைக்கடை திறக்கிறார். இணைய வேலைக்கு ஆள் தேவை. சம்பளம் இரண்டு மடங்கு. காலை பத்து மணிக்கு நேர்முகம்.

செவ்வாய்க்கிழமை பத்து பத்து. பெயின்ட் வாசனை போகாத அலுவலக அறை. சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு டிவி.

“செஞ்ச வேல ஒண்டக் காட்டுங்க பாப்பம்” என்றார் ஷப்ராஸ்.

அஜந்தன் போனை சைலன்டில் போட்டுவிட்டு, அந்த டிவியில் ஸவாஹிராவின் வலைப்பூவைத் திறந்தான். பக்கம் வருவதற்குள் பேச்சை ஆரம்பித்துவிட்டான்.

“இதுல ஒரு பிளகின் போட்டிருக்கேன் சேர். கடையோட பேஸ்புக்ல எது போட்டாலும், கஸ்டமர் யாராவது நம்ம ஹேஷ்டேக்கோட இன்ஸ்டாகிராம்ல படம் போட்டாலும், அதுவே இழுத்துக்கிட்டு வந்து முகப்புல காட்டும். படம் போடுறவங்களுக்குக் கடையில விலைக் கழிவு. அரை மணிக்கு ஒருக்காத் தானாப் புதுசாகும். மனுசக் கையே படத் தேவையில்ல.”

பக்கம் வந்தது.

உச்சியில் கறுப்புக் கரை போட்ட பெட்டி. ‘எமது ஊழியர் அஜந்தனின் தாய்மாமன், பூனாகலை இராமையா அவர்கள் நேற்றுக் காலமானார். ஸவாஹிரா குடும்பத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்.’

ஊழியர் வீட்டு மரணங்களை முதலாளி தன் கையாலேயே பேஸ்புக்கில் போடுவார் என்பது அஜந்தனுக்குத் தெரியும். அது தன் வீட்டு மரணத்துக்கும் பொருந்தும் என்பது அந்த விநாடி வரை உறைக்கவில்லை.

ஷப்ராஸ் இரண்டு முறை வாசித்தார். “இந்த அஜந்தன் நீங்கதானே?”

“ஆமாங்க.”

“மாமா நேத்து மவுத்து. நீங்க இண்டைக்கு இங்க.”

பொய் என்று ஒத்துக்கொண்டால் பொய்யன். உண்மை என்றால் கல்நெஞ்சன். யோசிக்க மூன்று விநாடி கிடைத்தது. அஜந்தன் கல்நெஞ்சைத் தேர்ந்தெடுத்தான்.

“வீட்டுல எல்லாம் அழுதுகிட்டுத்தான் சேர் இருக்காங்க. வேல முக்கியம்னு வந்துட்டேன்.”

ஷப்ராஸ் நாற்காலியில் சாய்ந்தார். வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்று அஜந்தன் எழுவதற்குத் தயாரானான்.

“பதினஞ்சு வருசமா யாவாரம் செய்றன். தலவலி எண்டு லீவு கேட்டவன்தான் எனக்கு வாய்ச்சான். மவுத்து வீட்ட உட்டுட்டு வேலைக்கு வந்தவன இண்டைக்குத்தான் பாக்குறன்.” மேசை லாச்சியிலிருந்து நியமனக் கடிதம் வெளியே வந்தது. பேனா மூடி கழன்றது. பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து இருவத்தெட்டு. அர மணிக்கு ஒருக்கா மாறும் எண்டீங்களே. மாறட்டும். அதப் பாத்துட்டே கையெழுத்து வெக்கிறன்.”

மாறட்டும் என்றுதான் அஜந்தனும் வேண்டிக்கொண்டான். யாராவது ஒரு கஸ்டமர் ஒரு படம் போட்டால் போதும். அனுதாபம் கீழே இறங்கிவிடும்.

பத்து இருபத்தொன்பது.

பத்து முப்பது. திரை ஒரு முறை வெளுத்தது. புதிய படம் வந்து உட்கார்ந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது.

படத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டையோடு, எல்லாப் பல்லும் தெரிய, இராமையா.

கீழே அவர் மகள் தனுஜா எழுதியிருந்தாள்: ‘எங்கப்பா இராமையா, பூனாகலை மாப்பிள்ளை. தீபாவளிக்கு உடுப்பு எடுக்க முதல் தடவையா அத்தான் வேலை செய்ற கடைக்கு வந்தோம். அத்தான் லீவாம். யாரோ சொந்தக்காரர் செத்துட்டாராம். யாருன்னு அப்பாவுக்கும் தெரியல.’ பக்கத்தில் கடையின் ஹேஷ்டேக்கோடு அஜந்தனின் பெயரையும் ஒட்டியிருந்தாள்.

அதற்கு நேர் கீழே கறுப்புக் கரைப் பெட்டி.

ஷப்ராஸ் மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

“மவுத்தானவரு சட்ட எடுத்திரிக்காரு” என்றார் நிதானமாக. “சைஸும் சரியாத்தான் இரிக்கி.”

“சேர், அது வந்து...”

“அந்தப் பிளகின்ட பேரச் சொல்லுங்க.”

அஜந்தன் சொன்னான். ஷப்ராஸ் அதை நியமனக் கடிதத்தின் முதுகில் எழுதிக்கொண்டார்.

“நல்ல சாமான். உள்ளத உள்ளபடியே காட்டுது. இதப் போடுவம்.” பேனாவை மூடினார். “மனுசக் கை தேவயில்ல எண்டு நீங்கதான் சொன்னீங்க. போய்ட்டு வாங்க.”

வீதிக்கு வந்தபோது பத்து ஐம்பது. புது வேலை போயிற்று. பழைய வேலையாவது மிஞ்ச வேண்டும். முதலாளி பார்ப்பதற்குள் ஏதாவது ஒரு பெட்டியை எடுத்துவிடலாம். பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி போனில் வலைப்பூவின் உள்பக்கத்தைத் திறந்தான். ‘நீக்கு’ என்ற பொத்தான் வந்தது. அப்போதுதான் மேலே சிவப்பாய் இருந்ததைக் கவனித்தான். முதலாளியின் தவறிய அழைப்புகள் ஒன்பது.

பத்தாவது வந்தது.

“அஜந்தன், நாங்க பூனாகலையில நிக்கிறம்.”

“எங்கங்க?”

“உங்கட மாமாட லயத்துக்கு முன்னுக்கு. வேன்ல ஏழு பேரு. சீனி, பிஸ்கட், நாலு யார் நீளத்துக்கு வெள்ளத் துணி. மவுத்து வீட்டு வெள்ளக்கொடி ஒண்டும் இல்ல. அழுக சத்தமும் இல்ல. கதவுல பூட்டு.”

“முதலாளி...”

“பக்கத்துக் காம்பரா ராசம்மாக்காட்டக் கேட்டன். இராமையாவும் மகளும் வெள்ளன பஸ்ல உடுப்பு எடுக்கப் போய்ட்டாங்களாம். எங்க எண்டு கேளுங்களேன்.”

அஜந்தனுக்குக் கேட்காமலே தெரியும்.

“நம்மட கடைக்கு” என்றார் மஹ்ரூப். “துணிய வெட்டியாச்சு. வெட்டின துணி திருப்பி எடுக்கப்பட மாட்டாது எண்டு நம்மட கடையிலயே எழுதி இரிக்கி. இத நான் ஆருக்குக் குடுக்க?”

“மன்னிச்சுக்குங்க முதலாளி. ஒரு இன்டர்வியூ. அதுவும் கெடைக்கல.”

“உங்கள இந்த நிமிசமே நிப்பாட்டணும். ஆனா கல்லாவுல நிக்கிற றின்ஸா கடையில இருந்து போன் எடுத்தா. முகப்புல ஒரே ஆள் மேல சிரிச்சுட்டும் கீழ மவுத்தாகியும் இரிக்காராம். சனம் கடைக்குள்ள வந்து போன நீட்டி நீட்டிச் சிரிக்குதாம். அத எடுக்க எங்களுக்குத் தெரியா. பாஸ்வேர்ட் உங்கட கையில.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நாளைக்குக் காலையில வந்து அத எடுத்துட்டுத்தான் மத்த வேல. அது போறவரைக்கும் நீங்க இருங்க. அதுக்குப் பொறகு பேசுவம்.”

தொடர்பு அறுந்தது.

திரையில் ‘நீக்கு’ இன்னும் காத்திருந்தது. அஜந்தனின் பெருவிரல் அதற்கு ஒரு நூல் மேலே நின்றது.

பதுளை பஸ் வந்து நின்றது. விரலை எடுத்துக்கொண்டான். அமைப்புகளுக்குள் போய் பாஸ்வேர்டை நீளமாக மாற்றினான். அனுதாபப் பெட்டியை முகப்பின் உச்சியிலேயே நிற்கும்படி குத்தி வைத்தான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

தீபாவளி முடியும் வரையாவது இராமையா மாமா செத்தே கிடக்கட்டும்.