தேயிலைப் பெட்டிக்குள் தரவுத்தளம்

தொழிற்சாலை ஓடாத நாளாகப் பார்த்துத்தான் அந்த வேலையை வைத்துக்கொண்டேன். பச்சை இலையின் விலை விழுந்ததிலிருந்து பிக்கட்டிப் பக்கத்து விவசாயிகள் பலர் பறிப்பதையே விட்டிருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. மற்றவர்களுக்கு அது கவலை. எனக்கு வசதி.

எனக்குக் கண் தெரியாது. கணினித் திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டே வேலை செய்வேன். ஹெட்போன் வயரை எலி கடித்துவிட்டது. மெக்கானிக் சில்வஸ்டர் பற்றவைத்துக் கொடுத்ததும், அதில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பக்கமும் போயிற்று. ஆகவே ஸ்பீக்கர்தான்.

இலைக் கணக்கைக் கணினியில் ஏற்ற முதலாளி ஒரு தரவுத்தள மென்பொருள் வாங்கியிருந்தார். அதை நிறுவக் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வர வேண்டும், எப்படியும் ஆள் வருகிறார் என்றால் கணக்கையே அங்கே கொடுத்துவிடலாம் என்று பேச்சு. மேனேஜர் நல்லசாமி எனக்காக ஒரு நாள் கேட்டு வாங்கினார். சாயங்காலத்துக்குள் நானே நிறுவிவிட்டால் கணக்கு வேலை எனக்கே. என் மனைவி சாந்தாமணி போன மழைக்காலத்தில் இறந்தாள். அதன் பிறகு காலையில் எழுந்திருக்க இந்த வேலையைத் தவிர வேறு காரணம் இல்லை.

குறுந்தகட்டைப் போட்டேன். குரல் உரிம ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கியது. நல்லசாமி பக்கத்தில் நின்று பொறுமையாகக் கேட்டார்.

"யாருங்க தம்பி இந்தாளு? மூச்சே உடமாட்டீங்கறான்."

"வக்கீலுங்க."

ஒப்புக்கொண்டு அடுத்த பக்கம் போனேன். அப்போது வெளியே லாரி நின்றது. எமரால்டு என்ற ஊரிலிருந்து எல்லப்பன் என்ற விவசாயி, அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் இலையையும் சேர்த்து லாரி நிறையக் கொண்டுவந்திருந்தார். நல்லசாமி ஓடினார். ஆட்கள் சிரித்துக்கொண்டே இறக்குவது கேட்டது. நானும் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் வந்த இலையை முதலில் வாடவைக்க வேண்டும். அதற்கான விசிறிகள் எங்கள் அலுவலகத்துக்கு நேர் மேலே இருந்தன.

அவை சுழன்றன. குரல் முழுகிப்போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் கடவுச்சொல் கேட்டிருந்தது. இருமுறை அடிக்க வேண்டும். அடித்தேன். ஏற்றதா, மறுத்ததா, தெரியவில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன். விசிறிதான் கேட்டது. கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று, திரும்பி வந்த நல்லசாமியிடம் கேட்டேன். இலை சூடேறிக் கெட்டுவிடும் என்றார். சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் அங்கேயே நின்றார்.

விசிறி பெல்ட்டைப் பார்க்க வந்த சில்வஸ்டர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். மூலையிலிருந்த பழைய தேயிலைப் பெட்டியைக் காலிசெய்து மேசைமேல் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஸ்பீக்கரை உள்ளே தள்ளினார்.

"தலைய உள்ள விடுங்க சார். ட்ரையர் பக்கத்துல நான் கிரிக்கெட் கேக்கிறது இப்படித்தான்."

விட்டேன். முதுகுக்கு மேல் இரண்டு சாக்குகளைப் போட்டு மூடினார். விசைப்பலகை மடியில். குரல் தெளிவாகக் கேட்டது. கடவுச்சொற்கள் பொருந்தவில்லையாம். மறுபடி அடித்தேன். பொருந்தியது. கோப்புகள் ஏறத் தொடங்கின. பெட்டிக்குள் எந்தக் காலத்துத் தேயிலைத் தூளோ, ஒரு பெரிய தும்மல் வந்தது. கை எந்த விசையிலோ பட்டது.

நிறுவலைக் கைவிடவா என்று கேட்டது குரல். தேர்வு "ஆம்" பொத்தானில் நின்றிருந்தது. என்டர் தட்டினால் எல்லாம் போச்சு. அடுத்த தும்மலை அடக்கிக்கொண்டு ஒரு முறை டேப் தட்டினேன். "இல்லை" என்றது. என்டர்.

ரசீது வாங்க வந்த எல்லப்பன் தலையில்லாத ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏனுங்க மேனேஜர், இவருக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவலீங்க. உள்ள வக்கீல்கூடப் பேசிட்டு இருக்கறாரு."

நிறுவல் முடிந்தது என்று குரல் சொன்னது. நம்பாமல் இன்னொரு முறை வாசிக்கவைத்தேன். ஒரு அட்டவணையைத் திறந்து, எல்லப்பன் பெயரையும் அன்றைய எடையையும் ஏற்றினேன். அவரும் தலையை உள்ளே விட்டுக் கேட்டார். வெள்ளைக்காரன் கூப்பிடுவதுபோல அவர் பெயர் வந்தது. எடை சரி என்றார். பிறகு என் காதருகிலேயே தும்மினார். நான் சிரித்தேன். சிரித்து நாளாகியிருந்தது, வயிறு வலித்தது.

நல்லசாமி கோயம்புத்தூருக்கு போன் போட்டார். ஆள் அனுப்ப வேண்டாம் என்று கத்தினார். எதிர்முனைக்குக் கேட்கவில்லை போலும். எங்கள் இருவரையும் வெளியே இழுத்துவிட்டு, ரிசீவரோடு பெட்டிக்குள் நுழைந்தார்.

"வேண்டாமுங்க. நம்ம தம்பியே போட்டுட்டாரு. கணக்கு இங்கயே இருக்கட்டுமுங்க."