ராணியைக் கொடுத்தவரிடம் கூலி வாங்கப் போனது

நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. கிராண்ட்மாஸ்டர் எனக்குத் தரவேண்டிய கூலி அவ்வளவு. அவருடைய வீட்டுச் சாமான்களை முதல் மாடியிலிருந்து இறக்கி, வேறொரு தெருவில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏற்றினோம். ஒரு கட்டில், ஒரு பீரோ, மற்றதெல்லாம் செஸ் புத்தகம். காகிதத்தைப் போலக் கனக்கிற சனியன் உலகத்தில் கிடையாது. கூடச் சுமந்த இரண்டு பேருக்கும் நான் என் மச்சானிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். கிழவரோ, "ஞாயித்துக்கிழமை போட்டி முடியுது தம்பி. பரிசு வாங்கினதும் உன் கையில வச்சிடறேன்" என்றார். எழுபத்தெட்டு வயது. புது வீட்டுப் படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிட்டவர். இவர் பரிசு வாங்கி, நான் கூலி வாங்கி!

"அந்தக் காசில்லாம வந்தீங்கன்னா வாசப்படியிலேயே படுத்துக்கங்க" என்றாள் என் மனைவி. "திங்கக்கிழமை காலையில எங்க அண்ணன் வந்து நிப்பான். அவனுக்குப் பதில் சொல்ல என்னால ஆகாது."

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கும் மண்டபத்துக்குப் போனேன். ஆளுக்கொரு மெத்தை நாற்காலி, குளிர்காற்று, தண்ணீர் பாட்டில். வேலை என்னவென்றால், விரல் நீள மரத்துண்டை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றுவது. அதற்கு ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் ஆள் ஒருத்தன் பீரோவுக்கு முன்னால் அப்படி உட்கார்ந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

கழுத்தில் அட்டை மாட்டிய போட்டிச் செயலாளர் என்னைத் தடுத்தார். "யாரு நீங்க?"

"மாஸ்டர் காசு தரணும்."

"உங்களுக்குமா?" என்று சிரித்தார். "இன்னைக்கு உங்களுக்கு யோகம்தான். இது கடைசி ஆட்டம். டிரா ஆனாலே அவருக்கு மூணாவது பரிசு. எதிராளிக்கும் டிரா போதும், முதல் பரிசு அவனுக்கு வந்துடும். கொஞ்ச நேரத்துல கை குலுக்கிட்டு எந்திரிச்சுடுவாங்க."

எதிராளி கோட்டு போட்டவன். கோட்டின் மார்பில் ஏதோ கம்பெனி முத்திரை. பத்துப் பன்னிரண்டு காய் நகர்ந்ததும் சிரித்துக்கொண்டே டிரா கேட்டுக் கையை நீட்டினான். கிழவர் அந்தக் கையை அழுகின காயைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"என்ன அவசரம்? உட்காருப்பா. இப்பதானே ஆரம்பிச்சிருக்கோம்."

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "எப்பவும் இதே கூத்துதான். அழகா ஆடணுமாம் இவருக்கு."

அழகை வைத்து என் மச்சான் வாயை அடைக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் செயலாளர் என் தோளைப் பிடித்தார். "ராணியைக் கொடுத்துட்டார்யா!"

"சும்மாவா?"

"சும்மாதான்."

எனக்குத் தரவேண்டியதைத் தராத மனுஷன் கோட்டுக்காரனுக்கு ராணியையே தூக்கிக் கொடுக்கிறார். அவனும் வெட்டிப் போட்டான். ஆனால் செயலாளரின் முகம் மெல்ல மாறியது. "அடடா... ராஜாவுக்குப் போக்கிடம் இல்ல. பெரிய மனுஷன் பூட்டு போட்டுட்டார், இன்னும் ரெண்டு மூணு நகர்த்தல்ல முடிஞ்சுடும். ஜெயிச்சா முதல் பரிசே இவருக்குத்தான்."

கிழவர் குதிரையை எடுத்து வைத்தார். வைத்துவிட்டுக் கைகட்டிப் பலகையையே பார்த்தார், தன் பிள்ளையின் முகத்தை முதல்முறை பார்க்கிறவர் போல. பக்கத்தில் கடிகாரம் இருக்கிறது. காயை வைத்தவர் அதன் பொத்தானைத் தட்டினால்தான் அவர் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். அத்தனை பேர் தட்டுவதைப் பார்த்து எனக்கே அது விளங்கிவிட்டது. கிழவர் தட்டவில்லை. அவர் பக்கத்தில் நாலு நிமிடம் இருந்தது, மூன்றாகிவிட்டது. அது தீர்ந்துவிட்டால் தோல்விதான்.

கோட்டுக்காரன் ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தான். உடனே நெற்றியில் கைவைத்து யோசிக்க ஆரம்பித்தான். என்ன யோசனை! உலகமே அவன் முடிவுக்குக் காத்திருப்பது போல ஒரு யோசனை. சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை.

"சொல்லுங்களேன்" என்றேன் செயலாளரிடம்.

"சொல்லக்கூடாது. விதி."

"அவன் நடிக்கிறானே!"

"நடிக்கக்கூடாதுன்னு விதியில இல்லையே."

ஒரு நிமிடத்துக்கும் கீழே போனது. எங்கள் வேலையில் ஒருத்தன் பிடி நழுவுவதைப் பார்த்தவன் கத்தியே ஆகவேண்டும். கத்தாதவனை மறுநாள் யாரும் கூடச் சேர்க்கமாட்டோம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, கடிகாரம்!"

கிழவர் திடுக்கிட்டுத் தட்டினார். கோட்டுக்காரன் துள்ளி எழுந்தான். "அநியாயம்! வெளியாள் உதவி!" அதுவரை இல்லாத நாக்கு இப்போது வந்துவிட்டது. நடுவர் ஓடிவந்து என்னைக் கதவுக்கு வெளியே தள்ளினார். கதவுக் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்கவும் கேட்டது.

"பார்வையாளர் செஞ்ச தப்புக்கு ஆட்டக்காரருக்குத் தண்டனை கிடையாது. மாஸ்டர், தொடருங்க."

"வேண்டாம்."

"விதி அனுமதிக்குதுங்க."

"விதி உங்களுக்கு. மறந்தது நான், அதனால தோத்ததும் நான்தான்." தோற்றதற்கு அடையாளமாகத் தன் ராஜாவைப் படுக்கவைத்தார். பிறகு கோட்டுக்காரனிடம், "கடிகாரத்துகிட்ட தோத்தேன். உங்கிட்ட இல்ல. தெரிஞ்சுக்கோ" என்றார்.

வெளியே வந்தவரை மறித்தேன். "கைக்கு வந்ததை வீசிட்டு வரீங்களே, நல்லா இருக்காய்யா?"

"யாருப்பா உன்னைக் கத்தச் சொன்னது?"

"கத்தலேன்னா தோத்திருப்பீங்க."

"இப்பவும் தோத்தாச்சு. கத்தாம இருந்திருந்தா மானமாவது மிஞ்சியிருக்கும்."

"உங்க புஸ்தகத்தை மூணு மாடி சுமந்தேன். மானத்தையும் நான்தான் சுமக்கணுமா?"

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்தார். "மாஸ்டர், மூத்த வீரர் பரிசு அஞ்சாயிரம் இருக்கு. எப்பவும் வேண்டாங்கறீங்க. இந்தத் தடவையாவது மேடைக்கு வாங்க."

"உயிரோட இருக்கறதுக்குப் பரிசா?" என்றவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. அவர்தான் விலக்கிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தார்.

பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த வயசுலயும் வீட்டுல முடங்கிக் கிடக்காம, பொழுதுபோக்கா வந்து ஆடறாரே, அதுவே நமக்குப் பெருமை!" எல்லோரும் கைதட்டினார்கள். கோட்டுக்காரன் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினான். ராணியைச் சட்டென்று கொடுத்த கிழவர் அந்த உறையை வாங்கக் கையை மெதுவாகத்தான் நீட்டினார்.

அங்கேயே உறையைக் கிழித்தார். "புஸ்தகம் தூக்கின தம்பி, மேல வா!"

ஏறினேன். பெரிய மனிதர் விலகி நின்றார், என் சட்டை அவர் சட்டையில் பட்டுவிடக்கூடாதாம். கிழவர் என் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் செயலாளரின் சட்டைப் பையில் செருகினார்.

"அடுத்த போட்டிக்கு நுழைவுக் கட்டணம். குறைஞ்சா அப்புறம் கட்டறேன்."

"மூத்தோர் பிரிவுலதானே, மாஸ்டர்?"

"பொதுப் பிரிவுல எழுது."

நான் மேடையிலேயே நின்று நோட்டுகளை எண்ணினேன். கீழே யாரோ சிரித்தார்கள். எண்ணாமல் வாங்கிப்போக நான் என்ன கிராண்ட்மாஸ்டரா? காசு சரியாக இருந்தது.