கழற்றாத கழுத்துப்பட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. கழுத்துவலிக்கு உடற்பயிற்சி சிகிச்சை தரும் அறையில், திரைக்கு இந்தப் பக்கம் நான் தாடையைப் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறில் என் எண்ணிக்கை நின்றுவிட்டது.

2

அவள் கணவர் காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா. (மரியாதை விகுதி இலக்கணத்துக்காக மட்டும்.) கணினியின் முன் குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொண்டது. வலி நிஜம்தான். பயிற்சிகளையும் ஒழுங்காகச் செய்தார். (இங்கே அவருடைய விடாமுயற்சியைப் புகழ்ந்து நாலு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.) எட்டாம் வாரம் வலி போயிற்று. கழுத்தில் மாட்டியிருந்த பட்டை போகவில்லை. தெருமுனையில் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். (தெருமுனை என் கற்பனை. ஆனால் அந்த ஆளுக்குப் பொருந்துகிறது.)

அவளோ மருந்துக் கம்பெனியில் நின்றபடியே புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிவிட்டு வந்து, மூன்று மாடி தண்ணீர் சுமந்து, படுக்கையிலிருக்கும் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து, சமைப்பாள்.

"என்னால குனியக்கூட முடியலையே. நீ எப்படித்தான் சமாளிக்கிறியோ" என்பார், நாற்காலியில் இருந்தபடி.

ஒருவேளை வலி திரும்பிவிடுமோ என்ற பயத்தில்தான் அவர்... வேண்டாம். அவருக்கு வக்காலத்து வாங்க நான் யார்?

3

ஐந்து மாதத்தில் அவள் கழுத்தும் பிடித்துக்கொண்டது. அதே சிகிச்சையாளரிடம் வந்தாள், திரைக்கு அந்தப் பக்கம்.

"ஒழுங்கா செஞ்சா போயிடும்மா. உங்க வீட்டுக்காரர் எட்டே வாரத்துல தேறிட்டாரே."



"தேறிட்டாரா?"

"முழுசா. பட்டையக்கூட அப்பவே கழட்டச் சொல்லிட்டேன்."

"சரி" என்றாள். "எனக்கு முதல்லேருந்து சொல்லிக்குடுங்க."

4

இதற்கு மேல் நான் கேட்கவில்லை, எழுதித்தான் பார்த்தேன். ஒரு பிரதியில் பட்டையைப் பிடுங்கி எறிந்தாள், சினிமாத்தனம். இன்னொன்றில் மன்னித்தாள், அதைக் கிழித்துப் போட்டேன். மிஞ்சியது இதுதான்:

வீட்டுக்கு வந்தவள் அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

"ஏங்க, சரியா செய்றேனான்னு பாத்து சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டே மாசத்துல சரியாயிடுச்சாமே."

உள்ளறையிலிருந்து மாமனார், புரட்டிவிடச் சொல்லி முனகினார். அவள் எழவில்லை.

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்பீர்கள். ஏதாவது பொய் சொல்லியிருப்பார். அந்த ஆளுக்காக உட்கார்ந்து பொய் யோசிக்க எனக்கு மனமில்லை. உங்களுக்கு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் முக்காலியிலிருந்து எழுப்பிவிடாதீர்கள்.