ஒன்பது நாள் பூஜ்யம்

தங்கை அனுப்புகிறவள், அக்கா பிடிக்கிறவள். நடுவே எழுநூறு கிலோமீட்டர் பூமி.

தங்கை வேலை பார்க்கும் துகள் முடுக்கியிலிருந்து இரண்டு நொடிக்கு ஒருமுறை நியூட்ரினோக் கற்றை பாறைக்குள் பாயும். மறுமுனையில், கைவிட்ட சுரங்கத்தின் அடியில், அக்காவின் உணர்கருவி காத்திருக்கும். கோடானுகோடித் துகள்களில் தினம் ஒன்றிரண்டு சிக்கினால் அதிர்ஷ்டம். மியூவான் வகையாகக் கிளம்புவது வழியில் எலக்ட்ரான் வகையாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வருஷமாக ஒன்றுகூட அப்படி மாறி வரவில்லை.

இந்த மாதம் எதுவுமே வரவில்லை. ஒன்பது நாளாகப் பூஜ்யம்.

"கோணலா அனுப்பறியாடி?" என்றாள் அக்கா போனில்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! உன் டப்பாவைப் பாருக்கா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த டப்பாவின் ஒவ்வொரு கம்பியும் அவள் கோத்தது. சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துக்கொண்டு கம்பி கம்பியாகச் சோதித்தாள். எல்லாம் சரி. கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நொடி பிந்தி ஓடியது. ஒன்பது நாளுக்கு முன் கரண்ட் போய் வந்தபோது அதைத் திருத்திவைத்தது அவளேதான். கற்றை வரும் கணத்தில் பதிவதைக் கணக்கில் எடுக்க வேண்டிய கருவி, இரண்டு கற்றைகளுக்கு நடுவில் பதிவதை எடுத்திருக்கிறது. கற்றையில் வந்ததையெல்லாம் குப்பை என்று ஒதுக்கியிருக்கிறது.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் முதலில் ஆய்வுக்குழுத் தலைவரிடம் போய் ஒப்புக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"தப்பு என்னுதுதான்டி."

தங்கை திட்டவில்லை. "குப்பையை அழிச்சுட்டியா?"

"ரெண்டு வாரம் வெச்சிருக்கும். இன்னும் அழியல."

"அப்ப திற, சேர்ந்தே பாப்போம்."

இருவர் திரையிலும் ஒரே படங்கள் ஓடின. பதினொரு துகள்கள் தேறின. முதல் ஆறும் மியூவான் போடும் நீண்ட நேர்கோடுகள். ஏழாவதில் கோடே இல்லை. விரித்துப் போட்ட துடைப்பம்போல ஒரு சிதறல்.

"இது என்னடி?"

தங்கை படத்தைப் பெரிதாக்கினாள். "அக்கா... எலக்ட்ரான். மாறி வந்திருக்கு!"

தலைவர் மூன்று முறை சரிபார்த்தார். "ஒண்ணை வெச்சு ஊரைக் கூட்ட முடியாது. இன்னும் நாலு வரட்டும்" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார். பிறகு அவரே போய் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார்.

தங்கை அன்றே லீவு போட்டாள். அவளுடைய கற்றை கண் சிமிட்டுவதற்குள் கடக்கும் தூரத்தை ரயிலில் பதினொரு மணி நேரம் உட்கார்ந்து கடந்து, சுரங்க லிஃப்டில் இறங்கி வந்து, அக்காவைக் கட்டிக்கொண்டாள்.