குஞ்சை வைத்துவிட்டு உள்ளே போய்விடவும்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. இன்று காலை என் தோட்டத்தில் ஒரு மைனாக் குஞ்சு கிடந்தது. தோட்டம் என்பது கொஞ்சம் அதிகம். நாலு செம்பருத்தி, ஒரு குழாய். கதைக்காக அதை ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரம்மா என்று பெயர்.

முதல் தொடக்கம்: ‘அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வானம்—’

(வேண்டாம். வானத்திலிருந்து ஆரம்பித்தால் குஞ்சு வந்து சேர நேரமாகும்.)

இரண்டாவது: ‘மகன் வீட்டை விட்டுப் போன மறுவாரம், செடிக்குத் தண்ணீர் விட வந்த கண்ணாடிக்காரம்மா—’

(மகனை எடுத்துவிட்டேன். குஞ்சுதான் மகன் என்று நீங்கள் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவளுக்கு யாரும் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். யாரும் இல்லாதவர்களுக்கே அது சரியாகத் தெரியாது.)

2

செடிக்குத் தண்ணீர் விட வந்தவள் குழாயடியில் குஞ்சைப் பார்த்தாள். உடம்பு முழுக்க இறகு, வால் மட்டும் கட்டை, வாயோரம் மஞ்சள். குனிந்ததும் அது வாயைப் பிளந்தது.

கடையில் நாள் முழுக்க முகத்துக்கு முகம் உட்கார்ந்து ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்கிறவள்தான். ஆனால் அந்த முகங்களெல்லாம் எழுத்துப் பலகையைப் பார்க்கிற முகங்கள். தன்னைப் பார்த்து வாய் திறந்தது இது ஒன்றுதான். உள்ளே ஓடிப்போய் ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துவந்தாள். பழைய துண்டை விரித்தாள், மூடியில் ஓட்டை போட்டாள். ஒரு பெயர்கூட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. (அதை எழுதமாட்டேன். பெயர் வைத்தால் விடமாட்டாள்.)

3

பெட்டியை மூடுவதற்கு முன்னால் மிருக வைத்தியருக்கு போன் போட்டாள். விடுமுறை நாளிலும் எடுத்துப் பேசிய புண்ணியவான் அவர்.

“இறகு இருக்கா, வெறும் தோலாம்மா?”

“இறகு இருக்கு டாக்டர். தத்தித் தத்திப் போகுது. என்னைப் பார்த்து வாயத் தொறக்குது.”

“அது யாரைப் பார்த்தாலும் தொறக்கும்மா.”

அவள் பெட்டி மூடியைக் கீழே வைத்தாள்.

“பறக்கப் பழகுது, அவ்வளவுதான். தாய் பக்கத்துலயே இருக்கும். பூனை கீனை வர்ற இடம்னா செடிக்குள்ள எடுத்து வைங்க. மனுஷக் கை பட்டா தாய் சேர்க்காதுங்கறதெல்லாம் சும்மா. வாயில தண்ணி ஊத்தாதீங்க, பால் வேணாம். வச்சிட்டு உள்ள போயிடுங்க.”

“கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்துக்கறேனே.”

“நீங்க நிக்கற வரைக்கும் தாய் கிட்ட வராதும்மா.”

“உள்ள போய் என்ன பண்றது டாக்டர்?”

“உங்க வேலையப் பாருங்க” என்றார். வேறு என்னதான் சொல்வார், பாவம்.

4

முடிவுக்கு வருவோம். இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று: அவள் குஞ்சை வைத்துக்கொள்கிறாள். பாலும் ரொட்டியும் கொடுக்கிறாள். மறுநாள் காலை பெட்டிக்குள்— (என்னால் முடியாது.)

இரண்டு: செடிக்குள் வைத்துவிட்டு ஜன்னல் மறைவில் நிற்கிறாள். தாய் புழுவோடு இறங்கி வருகிறது. அவள் கண் கலங்குகிறது. அழகான முடிவு, பத்திரிகைக்குக் கொடுத்தால் அப்படியே போடுவார்கள். ஆனால் நடக்கவில்லை. காரணம் நான்.

டாக்டருக்கு போன் போட்டவன் நான். ‘அம்மா’ இருந்த இடத்திலெல்லாம் அவர் ‘சார்’ என்றார். அந்தக் கடைசிக் கேள்வியும் என்னுடையதுதான். வெட்கமாக இருந்ததால் அவள் வாயில் வைத்தேன். குஞ்சைச் செம்பருத்திக்குள் வைத்துவிட்டு, உள்ளே போகாமல் வாசல்படியில் நாற்காலி போட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தாய் மதில்மேல் வாயில் எதையோ கவ்விக்கொண்டு இங்கும் அங்கும் நடக்கிறது. நான் முடிவு முடிவாக எழுதிப் பார்க்கும் நேரமெல்லாம் குஞ்சு பட்டினி.

எழுந்து போவதற்கு என்ன கேடு என்கிறீர்களா? கதையை முடித்தால் இவள் போய்விடுவாள். காலையிலிருந்து எனக்குத் துணை இவள்தான். நன்றாக இருக்கிறது, தனியாக இல்லாமல் இருப்பது. இன்னும் ஒரு பத்தி, இன்னும் ஒரு பத்தி என்று இழுக்கிறேன். செருப்புப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

5

கண்ணாடிக்காரம்மா குஞ்சைக் கையில் எடுத்தாள். அது அவளைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்தது. செடிக்கு நடுவில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எழுதியது நான்தான். ஆனாலும் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

உள்ளே போய் என்ன செய்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது. இனிமேல்தான் நானும் போய்ப் பார்க்கவேண்டும்.

தாய் வந்ததா என்று என்னிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. நாற்காலியை மடக்கிவிட்டேன். இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போய்விடுங்கள். அதற்குப் பசிக்கிறது.